வியாழக்கிழமை வயிறு

"செமிக்கவே மாட்டேங்குது" என்றாள் பவளக்கொடி.
சமிபாட்டுக் குறைவு என்று எழுதினேன்.
"நெஞ்சுக்குக் கீழ நோகுதோ?" என்று கேட்க
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பருத்தித்துறை "நோ"
மஸ்கெலியாவில் யாருக்கும் வலிப்பதில்லை.

வயது நாற்பத்தொன்று.
ஒன்றரை வருசமாகப்
பாதி ரொட்டி தின்றாலும் கல்லாக நிற்கிறது.
ஏப்பம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு.
ஓமத்தண்ணி பார்த்தாயிற்று,
இஞ்சி பிளேன்டீ, சோடா,
மந்திரித்த நூல் இன்னும் மணிக்கட்டில்.

நுவரெலியாவுக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்த்தோம்.
புண் இல்லை. கிருமி இல்லை.
படத்தில் இளஞ்சிவப்பாய், ஈரமாய்,
இன்னும் யாரும் குடிவராத வீடு மாதிரி ஓர் இரைப்பை.
"அப்ப ஒன்னுமே இல்லேங்கிறீங்களா?"
பொய் சொல்லிப் பிடிபட்டவள் குரலில் கேட்டாள்.

மூளைக்கும் குடலுக்கும் நடுவில் ஓடும் நரம்பை
துண்டுத்தாளில் ஒரு கோடாக இழுத்துக் காட்டினேன்.
பயந்தால் அது என்ன செய்யும் என்றும் சொன்னேன்.
கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்:
"வயித்துல புளியக் கரைக்குதுன்னு சொல்லுவோமே, அதுங்களா ஐயா?"
அதுதான்.
அதற்குத்தான் ஐந்து வருசம் படித்தேன்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு குளிசை.
படுக்கும்போது இன்னொன்று, சின்னது, அதிலும் பாதி.
வெறும் வயிற்றில் தேத்தண்ணி வேண்டாம் என்று
நாலு பக்கமும் தேயிலை நிற்கச் சொல்லும்போது
எனக்கே கொஞ்சம் வெட்கம்.
எது தின்றாய், எப்போது எரிந்தது,
ஒரு கொப்பியில் எழுதி வா.

மகளின் பழைய கணக்குக் கொப்பி வந்தது.
திங்கள் பருப்பு, சுகம்.
செவ்வாய் கருவாடு, பச்சைமிளகாய், சுகம்.
புதன் கஞ்சி. வெறும் கஞ்சி. ராத்திரியெல்லாம் எரிவு.
நாலு வாரமும் இப்படியே.
கஞ்சியில் என்ன இருக்கிறது என்று குழம்பிப்போய்
"வியாழக்கிழமை என்ன?" என்றேன்.

லோன்காரப் பையன் வருகிற நாள்.
அவன் மோட்டார் சைக்கிள்
கீழ் வளைவில் கியர் மாற்றும்போதே
காதுக்கு முந்தி வயிற்றுக்குக் கேட்டுவிடுமாம்.
வாரம் ஆயிரத்து அறுநூறு.
கூரைத் தகரத்துக்கு எடுத்தது;
தகரம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

"கிளினிக்க வியாழக்கெழமைக்கு மாத்திக் குடுங்களேன்."
மாற்றினேன்.
மருந்தென்று நினைத்தே மாற்றினேன்.
முதல் வியாழன், ஜன்னலால் எட்டிப் பார்த்தால்
வாங்கில் உட்கார்ந்து
சீனிச்சம்பல் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறாள்,
காகிதத்தையும் நக்கிவிடுவாள் போல.
இரண்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியது.
என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாம் மாதம் ரீட்டாமேரி வந்தாள். அதே லயம்.
"செமிக்கல."
பிறகு தவமணி.
பிறகு சந்தனம், ஓமத்தண்ணிப் போத்தலும் கையுமாக.
நாலாவது ஆளுக்கு வயிறு நல்லதாம்,
தலைவலிதானாம்.

ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும்,
குரூப்பில் கையெழுத்து அப்படி.
எரிச்சல் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு
அடுத்தடுத்த காம்பராவுக்குக் குடிபோயிருக்கிறது.
மாற்றல் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

அன்று பவளக்கொடிக்கு எல்லாம் சொன்னேனா,
அவளுக்கே தெரிந்திருந்ததா,
இப்போது நினைவில்லை.
மூடுபனி இறங்கி, பட்டப்பகலில் லைட் போட்ட நாள்.
அடுத்த வியாழன் வாங்கு காலி.
கொப்பியை மட்டும் ரீட்டாமேரியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்:

வியாழன். வீட்லதான் இருந்தேன்.
பையன் வந்தான். கத்துனான். நின்னேன்.
எரிவு இருந்திச்சு.
அஞ்சு பேரும் ஒன்னா குந்திச் சோறு தின்னோம்.
பாதி செமிச்சிச்சு.

கிளினிக் அட்டையில்
"கூடியது", "குறைந்தது" என்று இரண்டே கட்டம்.
பாதிக்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
பேனா மக்கர் பண்ணியது,
இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.